கழற்ற வருமா என்று முதலில் கேளுங்கள்

புதிதாக அலுவலகம் போடுகிறவர், லாட்ஜைப் புதுப்பிக்கிறவர், கிளினிக்குக்கு வரவேற்பறை அமைக்கிறவர், யாராக இருந்தாலும் கடைக்குள் நுழைந்ததும் விலையைக் கேட்பார், நிறத்தைப் பார்ப்பார், எத்தனை நாளில் டெலிவரி என்பார். சுற்றுச்சூழல்மீது அக்கறை உள்ளவர் கூடுதலாக ஒன்று கேட்பார்: “இது எதில் செய்தது?” நல்ல கேள்விதான். ஆனால் அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. இது கழற்ற வருமா?

பலர் வந்துபோகும் இடத்தில் எந்தப் பொருளும் ஒரே சீராகத் தேய்வதில்லை. மூன்று பேர் உட்காரும் சோபாவில் வாசலை ஒட்டிய இருக்கைதான் முதலில் அழுக்காகும். இருக்கையின் முன்விளிம்பு, கை வைக்கும் இடத்தின் நுனி, தலை சாயும் பகுதி, இவை மூன்றும் மற்றதெல்லாம் புதிதாக இருக்கும்போதே நைந்துவிடும். தரைவிரிப்பில் லிஃப்ட் வாசலும் தண்ணீர் கேன் இருக்கும் மூலையும் முதலில் போகும். திரைச்சீலைகளில் மேற்கு ஜன்னலில் தொங்குவது வெளுக்கும். இப்படிக் கொஞ்ச இடம் தேய்ந்துபோனதற்காக முழுப் பொருளும் குப்பை வண்டி ஏறுகிறது. மரச்சட்டம் இன்னும் இருபது வருடம் உழைத்திருக்கும். ஆனால் துணியை ஃபோமோடும், ஃபோமைச் சட்டத்தோடும் பசை போட்டு ஒட்டிவிட்டதால் அதைத் தனியே காப்பாற்ற வழியில்லை.

எனவே இந்த அத்தியாயம் முழுவதும் அந்த ஒரு கேள்வியையே கையில் வைத்துக்கொண்டு நடப்போம். இயற்கை நாராலான துணி, மறுசுழற்சி பிளாஸ்டிக், ரசாயனமில்லாத பூச்சு எல்லாம் முக்கியம்தான். ஆனால் பிரித்தெடுக்க முடியாத பொருளில் அவற்றைப் போட்டால், வாங்கிய நல்ல சரக்கும் கெட்டதோடு சேர்ந்தே போகும்.

சோபாவைச் சாய்த்துப் பாருங்கள்

ஷோரூமில் சோபாவைப் பின்பக்கமாகச் சாய்த்து அடிப்பாகத்தைக் காட்டச் சொல்லுங்கள். விற்பவர் தயங்கினாலும் விடாதீர்கள். அடியில் மெல்லிய கறுப்புத் துணி ஸ்டேப்ளர் பின்னால் அடித்திருக்கும். அதன் ஒரு மூலையை விலக்கினால் உள்ளே இருப்பது தெரியும். கால்கள் போல்ட்டில் நிற்கின்றனவா, ஆணியிலா? இருக்கைப் பகுதியும் முதுகுப் பகுதியும் தனித்தனியாகச் செய்து திருகாணியால் இணைத்தவையா, அல்லது ஒரே பெட்டியாக அடித்தவையா? ஸ்பிரிங்கோ பட்டையோ தளர்ந்தால் மாற்றுவதற்குக் கை நுழையுமா? மேலே குஷனைத் தூக்கினால் கையோடு வருகிறதா? வந்தால் அதன் பின்பக்கம் ஜிப் இருக்கிறதா? ஜிப் இருந்தாலும் அது குஷனின் முழு அகலத்துக்கும் ஓடி இரண்டு மூலையையும் சற்றுத் தாண்டித் திரும்பியிருக்க வேண்டும். பாதி அகலத்துக்கு மட்டும் வைத்த ஜிப்பின் வழியாக ஃபோமை வெளியே எடுக்க முடியாது.

வாங்குவதற்கு முன் உங்கள் ஊரில் குஷன் வேலை செய்யும் ஒருவரிடம் போட்டோவைக் காட்டிக் கேட்பது பல பிரசுரங்களைப் படிப்பதைவிடப் பயன் தரும். “அண்ணே, நாலு வருஷம் கழிச்சு சீட்டுத் துணி மட்டும் மாத்தணும்னா என்ன ஆகும்?” என்று கேளுங்கள். “ஜிப்பு வச்சிருந்தா அரை நாள் வேலை சார். ஒட்டியிருந்தா பிரிக்கிறப்பவே ஃபோம் பிஞ்சிரும், அப்புறம் எல்லாமே புதுசுதான்” என்று அவர் சொல்வதில் இந்த அத்தியாயத்தின் பாதி அடங்கிவிடும்.

ஃபோம் விஷயத்தில் டென்சிட்டியை எண்ணாகக் கேட்டு கொட்டேஷனில் எழுதி வாங்குங்கள். வீட்டு சோபாவில் 32 டென்சிட்டி போடுவது வழக்கம். நாள் முழுக்க ஆள் மாறி ஆள் உட்காரும் இடத்துக்கு 40-க்குக் குறையக்கூடாது. அந்த எண் ஒரு கன மீட்டர் ஃபோமின் எடையைக் கிலோவில் சொல்வது. உட்கார்ந்தால் கெட்டியாக இருப்பது வேறு சங்கதி. எடை குறைந்த ஃபோமையும் கெட்டியாகச் செய்யலாம், ஷோரூமில் அமுக்கிப் பார்த்தால் நன்றாகவே இருக்கும். ஆனால் சில மாதங்களில் நடுவில் குழி விழும். ரப்பர் பாலைத் தெளித்து இறுக்கிய தென்னை நார், அதாவது ரப்பரைஸ்டு காயர், அடியிலும் அதன்மேல் மெல்லிய ஃபோமும் வைக்கும் பழைய முறை இன்னும் நல்ல முறைதான். காற்றோட்டம் இருக்கும், பெட்ரோலியத்திலிருந்து வரும் ஃபோமின் அளவும் குறையும்.

முதல் ஆர்டரிலேயே இருக்கை உறைகளை இரண்டு செட்டாக வாங்கிவிடுங்கள். பட்ஜெட்டில் இது உறுத்தும், கணக்கர் காரணம் கேட்பார். ஆனால் ஒரு செட் துவைக்கப் போயிருக்கும்போது மறு செட் போட்டுக்கொள்ளலாம், தேய்மானமும் இரண்டுக்கும் பகிர்ந்துவிடும். பின்னால் தனியாக வாங்கினால் அதே டை லாட் கிடைக்காது, நிறம் ஒரு சாயல் மாறியிருக்கும். நிறம் ஒத்துப்போகவில்லை என்பதற்காகவே நல்ல துணியைக் கழற்றி எறிந்த வரவேற்பறைகள் நிறைய.

நாற்காலித் தொழிலில் இந்த வழியை ஒழுங்காகப் பின்பற்றியதற்கு ஹெர்மன் மில்லர் நிறுவனம் 2003-இல் கொண்டுவந்த மிர்ரா நாற்காலியைச் சொல்லலாம். பெர்லினைச் சேர்ந்த ஸ்டுடியோ 7.5 வடிவமைத்தது. பொருளில் என்னென்ன ரசாயனம் இருக்கிறது, சாதாரணக் கருவியால் பிரிக்க வருகிறதா, பிரித்த பாகம் மறுசுழற்சிக்குப் போகுமா என்று பாகம் பாகமாக மதிப்பெண் போட்டு அதை உருவாக்கினார்கள். கைதாங்கியின் உறையில் வழக்கமாக வரும் பி.வி.சி.யை, விலை கூடினாலும் பரவாயில்லை என்று வேறு பிளாஸ்டிக்குக்கு மாற்றினார்கள். நம் ஊரில் இதைவிட எளிமையாக அதே குணத்தோடு இருப்பது பிரம்புப் பின்னல் நாற்காலி. சட்டம் நிற்கும் வரை பின்னலை அவிழ்த்துப் புதிதாகப் பின்னிக்கொண்டே இருக்கலாம். ஃபோம் கிடையாது, பசை கிடையாது, முதுகு வேர்க்காது. கணினி முன் எட்டு மணி நேரம் உட்காருகிறவருக்கு இது போதாது. பார்வையாளர் காத்திருக்கும் இடத்துக்கும் கலந்தாய்வு அறைக்கும் இதைவிட நல்ல நாற்காலியை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

ஒரு தரைவிரிப்புக் கம்பெனியின் கதை

இந்தத் துறையில் யோசிப்பவர்கள் எல்லோரும் திரும்பத் திரும்பப் படிக்கும் கதை, அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் இன்டர்ஃபேஸ் நிறுவனத்துடையது. ரே ஆண்டர்சன் 1973-இல் அதைத் தொடங்கினார். சுருளாக வரும் கார்பெட்டுக்குப் பதிலாகச் சதுரத் துண்டுகளாக, இப்போது பெரும்பாலும் 50 சென்டிமீட்டர் அளவில் வரும் கார்பெட் டைல், அவருடைய சரக்கு. கறை பட்டால் அந்தத் துண்டை மட்டும் எடுத்து மாற்றலாம் என்பதுதான் அதன் கவர்ச்சி. சுற்றுச்சூழலுக்கு உங்கள் கம்பெனி என்ன செய்கிறது என்று 1994-இல் வாடிக்கையாளர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். சொல்ல அவரிடம் பதில் இல்லை. அந்த நேரத்தில் பால் ஹாக்கன் எழுதிய ‘தி ஈகாலஜி ஆஃப் காமர்ஸ்’ கைக்கு வந்தது. படித்து முடித்தவர், பெட்ரோலியத்தையே நம்பியிருந்த தன் தொழிலைத் தலைகீழாக மாற்றத் துணிந்தார். 2020-க்குள் சுற்றுச்சூழல் பாதிப்பைப் பூஜ்யமாக்குவது என்று இலக்கு வைத்தார். 2011-இல் அவர் காலமான பிறகும் நிறுவனம் அந்த வழியிலேயே போனது.

வாங்குகிறவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை மூன்று.

முதலாவது, வடிவத்திலேயே பழுதுபார்ப்பை வைத்தது. கார்பெட் டைலில் பழைய சிக்கல் ஒன்று இருந்தது. எல்லாத் துண்டும் ஒரே நிறம் என்றால் நடுவில் போட்ட புதிய துண்டு பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். வடிவமைப்பாளர் டேவிட் ஓக்கியின் குழு காட்டுத் தரையைக் கவனித்தது. உதிர்ந்த இலை, சுள்ளி, கல் என்று எந்த இரண்டு அடியும் ஒன்றுபோல் இல்லை, ஆனால் மொத்தமாகப் பார்த்தால் ஒரே தரை. அதை வைத்து, ஒவ்வொரு துண்டும் சற்று வேறுபட்ட சாயலோடு, எந்தத் திசையில் போட்டாலும் பொருந்துகிற ‘என்ட்ரோப்பி’ வரிசையை 2000-இல் கொண்டுவந்தார்கள். வெட்டிச் சேர்க்கும்போது வீணாவது குறைந்தது, எந்த லாட்டிலிருந்து எடுத்துப் போட்டாலும் கண்ணுக்கு உறுத்தவில்லை. உங்கள் சோபாத் துணிக்கும் திரைக்கும் இதுவே பொருந்தும். ஒரே தட்டையான நிறத்தைவிட, இரண்டு மூன்று சாயல் நூல் கலந்து நெய்த துணி கறையை மறைக்கும், ஒட்டுப்போட்டதையும் மறைக்கும். வெள்ளைவெளேர் சோபா போட்டோவில் அழகாக இருக்கும். காப்பிக் குவளையோடு ஆட்கள் வருகிற இடத்தில் ஒரு வருடம்கூடத் தாங்காது.

இரண்டாவது, பசையை விட்டது. துண்டுகளைத் தரையோடு ஒட்டாமல், அடியில் மூலைக்கு மூலை சின்ன ஸ்டிக்கரால் ஒன்றோடொன்று இணைக்கும் முறையை 2006-இல் கொண்டுவந்தார்கள். தரை கெடுவதில்லை, பசை நாற்றம் இல்லை, காலி செய்யும்போது எடுத்துக்கொண்டு போகலாம். வாடகைக் கட்டடத்தில் அலுவலகம் நடத்துகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்து போகும்போது பசையைச் சுரண்டும் செலவு உங்கள் அட்வான்ஸிலிருந்துதான் பிடிக்கப்படும்.

மூன்றாவது, தோற்றுப்போன ஒரு முயற்சி. கார்பெட்டை விற்காமல் வாடகைக்கு விடுவது, மாதாமாதம் பராமரிப்பது, தேய்ந்த துண்டைத் தாங்களே எடுத்துக்கொண்டு போவது என்று 1995-இல் ஒரு திட்டம் வைத்தார்கள். யோசனை அருமையானது. ஆனால் வாங்குகிற கம்பெனிகளில் கார்பெட் வாங்கும் பணம் ஒரு கணக்கிலும், அதைச் சுத்தம் செய்யும் பணம் இன்னொரு கணக்கிலும் இருந்தது. இரண்டையும் கூட்டிப் பார்க்கும் ஆள் யாரும் இல்லை. வாடகை அதிகமாகத் தெரிந்தது, திட்டம் பெரிதாக ஓடவில்லை. உங்கள் அலுவலகத்திலும் இதே நிலைதான் இருக்கும். கொட்டேஷன்களை ஒப்பிடும்போது வாங்கும் விலைக்குப் பக்கத்தில், பத்து வருடச் சுத்தம், பழுது, உறை மாற்றம் மூன்றையும் சேர்த்து இன்னொரு பத்தி போடுங்கள். மலிவான சரக்கு பெரும்பாலும் அந்தப் பத்தியில்தான் அம்பலமாகும்.

கார்பெட்டின் நார் நைலான் என்றால் அது நைலான் 6-ஆ, நைலான் 6,6-ஆ என்று கேளுங்கள். நைலான் 6-ஐத் திரும்ப அதன் மூலப்பொருளாகவே உடைத்துப் புது நூலாக்குவது எளிது. இத்தாலியின் அக்வாஃபில் நிறுவனம் ஸ்லோவேனியாவில் பழைய மீன்வலையையும் கார்பெட் நாரையும் உடைத்து ‘எக்கோனில்’ நூல் செய்வது இப்படித்தான். 2012-இல் தொடங்கிய ஒரு திட்டத்தில் பிலிப்பைன்ஸ் மீனவக் கிராமங்களில் கிழிந்த வலைகளைக் காசு கொடுத்து வாங்கி அந்தத் தொழிற்சாலைக்கு அனுப்பினார்கள்.

இதெல்லாம் சொன்ன பிறகும், சென்னை, நாகை, தூத்துக்குடி, கொழும்பு போன்ற கடலோர ஊர்களில் சுவரோடு சுவர் கார்பெட் வேண்டாம் என்பேன். வாரக் கடைசியில் ஏ.சி.யை நிறுத்தினால் திங்கட்கிழமை காலையில் முடை நாற்றம் வரும். மொசைக், சிமென்ட், ஆத்தங்குடிக் கல் போன்ற தரையை அப்படியே விட்டு, பேச்சு அதிகம் எதிரொலிக்கும் இடத்தில் மட்டும் எடுத்து உதறக்கூடிய விரிப்பைப் போடுங்கள். வாசலில் குறைந்தது 3 மீட்டர் நீளத்துக்கு மிதியடி விரிப்பு இருக்கட்டும். காலோடு வரும் மணல் அங்கேயே நின்றுவிட்டால் உள்ளே இருக்கும் எல்லாவற்றின் ஆயுளும் கூடும்.

துணியின் பூர்வீகம்

1990-களின் முதற்பாதியில் சுவிட்சர்லாந்தின் ஹீர்புரூக்கில் ரோனர் என்ற சிறிய நெசவாலை ஒரு நெருக்கடியில் இருந்தது. ஆலையில் மிஞ்சும் வெட்டுத்துணியை ஆபத்தான கழிவு என்று அரசு வகைப்படுத்திவிட்டது. அதைச் சாதாரணக் குப்பையாகப் போட முடியாது. வெட்டித் தள்ளிய ஓரத்துணி ஆபத்தான கழிவு என்றால், நடுவிலிருந்து வெட்டி நாற்காலியில் போட்டு மனிதர்கள் உட்காருகிற துணி மட்டும் என்ன? இந்தக் கேள்வியிலிருந்துதான் மாற்றம் தொடங்கியது. அமெரிக்க டிசைன்டெக்ஸ் நிறுவனத்தோடு கட்டடக்கலைஞர் வில்லியம் மெக்டொனோவும் வேதியியலாளர் மைக்கேல் பிரவுன்கார்ட்டும் சேர்ந்தார்கள். கம்பளியையும் ராமி என்ற செடிநாரையும் கலந்து, மக்கிப்போகக்கூடிய இருக்கைத் துணி செய்வது என்று முடிவாயிற்று. சாயக் கம்பெனிகள் தங்கள் ரசாயனப் பட்டியலைக் காட்ட மறுத்தன. கடைசியில் சீபா-கைகி மட்டும் கதவைத் திறந்தது. ஆயிரக்கணக்கான ரசாயனங்களை வடிகட்டியதில் தேறியவை 38. அவற்றை மட்டும் வைத்துத் தேவையான நிறங்களைக் கொண்டுவந்தார்கள். ஆலையிலிருந்து வெளியேறும் நீரைச் சோதித்தபோது அது உள்ளே வரும் நீரின் தரத்துக்கு இருந்தது. ஆபத்துக் கழிவாக இருந்த வெட்டுத்துணி, செடிகளுக்கு மூடாக்காகத் தோட்டங்களுக்குப் போனது.

சாயக்கழிவு என்றால் என்ன என்று தமிழ்நாட்டு வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. நொய்யலும் ஒரத்துப்பாளையம் அணையும் கண்ணெதிரே இருக்கின்றன. பூஜ்யக் கழிவுநீர் நிபந்தனையை நிறைவேற்றாத திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன் பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நீரையும் உப்பையும் மீட்டுத் திரும்பப் பயன்படுத்தும் நிலைக்கு வந்தன. எனவே கரூரிலோ ஈரோட்டிலோ திரைத்துணி வாங்கும்போது, “சாயம் எங்கே போடுறீங்க, தண்ணி எங்கே போகுது?” என்று கேட்க உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. ஒழுங்காகச் செய்கிறவர் சந்தோஷமாகச் சொல்வார், பட்டறைக்குக் கூட்டிக்கொண்டும் போவார்.

பாலியஸ்டர் துணியே எடுப்பதானால், நூலாக இழுப்பதற்கு முன் உருகிய நிலையிலேயே நிறம் சேர்த்த நூலைக் கேளுங்கள். ‘டோப் டைடு’ என்று சொன்னால் வியாபாரிக்குப் புரியும். சாயத் தொட்டியே தேவையில்லாததால் தண்ணீர் பெருமளவு மிச்சம். நிறம் நாருக்குள்ளேயே இருப்பதால் வெயிலில் சுலபமாக வெளுக்காது. மேற்கு ஜன்னலுக்கு இதுதான் சரி. வெயில் தாங்கும் திறனை 1 முதல் 8 வரை எண்ணாகச் சொல்லும் அளவுகோல் உண்டு. நம் வெயிலுக்கு 6-க்குக் கீழே இறங்க வேண்டாம். இயற்கைச் சாயத் துணிகளில் பல இந்த அளவைத் தொடாது. அவற்றை வெயில் படாத சுவரிலோ மெத்தைத் தலையணையிலோ வையுங்கள், அங்கே அவற்றின் அழகு நீடிக்கும்.

பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த துணி மலிவு, சுருங்காது. ஆனால் இரண்டு நாரையும் பிரிப்பது கடினம் என்பதால் ஆயுள் முடிந்த பிறகு அதற்குப் போக்கிடம் இல்லை. முடிந்தவரை ஒரே நாரில் வாங்குங்கள். இதுவும் கழற்ற வருமா என்ற கேள்விதான், நூல் அளவில்.

தேய்மானச் சோதனை எண்களைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். துணியைத் திரும்பத் திரும்ப உரசிப் பார்ப்பதில் வைசன்பீக், மார்ட்டின்டேல் என்று இரண்டு முறைகள் உள்ளன. அமெரிக்க வணிகத் துணிச் சங்கத்தின் அளவுப்படி, ஆள் நடமாட்டம் மிகுந்த இடத்துக்கு நெய்த துணி வைசன்பீக்கில் 30,000 உரசலோ மார்ட்டின்டேலில் 40,000 உரசலோ தாங்கினால் போதும். ஒன்றின் எண்ணை மற்றதன் எண்ணோடு ஒப்பிட முடியாது. ஒரு லட்சத்துக்கு மேல் தாங்கும் என்று சொல்வதால் துணி அதிக நாள் உழைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றும் அதே சங்கம் சொல்கிறது. இரண்டரை லட்சம் உரசல் என்று விளம்பரம் செய்யும் துணிக்குக் கூடுதல் விலை கொடுப்பதற்குப் பதில், அந்தப் பணத்தில் இரண்டாவது செட் உறை வாங்குங்கள்.

“இது பியூர் பாம்பூ சார், கெமிக்கலே கிடையாது” என்று யாராவது சொன்னால் சற்று நில்லுங்கள். மூங்கில் துணி என்று விற்பதில் பெரும்பகுதி, மூங்கில் கூழை ரசாயனத்தில் கரைத்து இழுத்த விஸ்கோஸ். விஸ்கோஸை மூங்கில் என்று விற்றதற்காக அமெரிக்க வர்த்தக ஆணையம் 2009-இலிருந்தே கம்பெனிகள்மேல் நடவடிக்கை எடுத்திருக்கிறது.

ரெக்சின் என்னும் பெரும் தலைவலி

நம் ஊர் அலுவலகங்களில் அதிகம் விற்பது ரெக்சின். துடைத்தால் போதும் என்பது அதன் பலம். இப்போது ‘வீகன் லெதர்’ என்று புதுப்பெயர் சூட்டி விலை கூட்டி விற்கிறார்கள். அதில் இரண்டு ரகம்: பி.வி.சி. பூசியது, பி.யூ. பூசியது. பி.யூ. மிருதுவாக இருக்கும், பி.வி.சி.யைவிடச் சுத்தமானது என்ற பெயரும் உண்டு. ஆனால் மலிவு ரக பி.யூ. காற்றிலுள்ள ஈரத்தாலேயே சிதைகிறது. ஈரம் அதன் மூலக்கூறுச் சங்கிலியைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துவிடும். முதலில் பிசுபிசுக்கும். பிறகு நுண்ணிய வெடிப்புகள் ஓடும். ஒரு நாள் எழுந்திருக்கும்போது கறுப்புச் செதில்கள் உங்கள் சட்டையோடு வரும், அடியிலுள்ள வெள்ளைத் துணி பல்லிளிக்கும். அந்த நிலைக்கு வந்ததைப் பழுதுபார்க்க முடியாது. உட்காராமல் குடோனில் கிடந்தாலும் இதே கதிதான், ஏனென்றால் கெடுப்பது உரசல் அல்ல, ஈரம்.

பி.யூ.தான் வேண்டுமென்றால் பாலிகார்பனேட் வகையா என்று கேளுங்கள், அது ஈரத்தை நன்றாகத் தாங்கும். 70 டிகிரி வெப்பத்திலும் 95 சதவீத ஈரப்பதத்திலும் வாரக்கணக்கில் வைத்துச் சோதிக்கும் முறை உண்டு. தொழிலில் அதை ‘ஜங்கிள் டெஸ்ட்’ என்பார்கள். எத்தனை வாரம் தாங்கியது என்ற சான்றிதழைக் கேளுங்கள். கிளினிக்குகளில் சானிடைசரால் துடைப்பார்கள் என்றால் அதற்கும் தனியாக உத்தரவாதம் வாங்குங்கள், ஆல்கஹால் பட்டுப் பட்டுப் பூச்சு உரியும். திருமண மண்டபம், உணவகம் போன்ற இடங்களில் ரெக்சினை இருக்கையில் மட்டும் போட்டு, முதுகுக்கு நெய்த துணியோ பிரம்போ போட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

பூச்சுகளைக் குறையுங்கள்

கறை பிடிக்காது, தீப்பிடிக்காது, கிருமி வராது என்று மூன்று வாக்குறுதிகளோடு துணிகள் வருகின்றன. தண்ணீரும் எண்ணெயும் ஒட்டாமல் உருண்டோடச் செய்யும் பூச்சில் பெரும்பாலும் பி.எஃப்.ஏ.எஸ். என்னும் ஃப்ளோரின் ரசாயனங்கள் இருந்துவந்தன. அவை மண்ணிலும் நீரிலும் அழியாமல் தங்கும். கலிஃபோர்னியா 2025 ஜனவரி முதல் துணிகளில் அவற்றைத் தடை செய்திருக்கிறது. கிருமிநாசினிப் பூச்சைப் பொறுத்தவரை, அமெரிக்காவின் பெரிய மருத்துவமனைக் குழுமமான கைசர் பெர்மனென்டேவே தன் கட்டடங்களின் துணியிலும் சாமான்களிலும் அது வேண்டாம் என்று 2015-இல் முடிவெடுத்தது. மருத்துவமனைக்கே வேண்டாததை வரவேற்பறையில் நாம் ஏன் விலை கொடுத்து வாங்க வேண்டும்? துவைக்கக்கூடிய உறை இருந்தால் இரண்டு பூச்சும் தேவையில்லை.

தீ விஷயத்தில் மட்டும் சமரசம் கூடாது. மண்டபம், தியேட்டர், லாட்ஜ் போன்ற இடங்களில் திரைத்துணிக்குத் தீத்தடுப்புச் சான்று கட்டாயம் வேண்டும். ஆனால் அதை எப்படிப் பெறுவது என்பதில் வழிகள் உண்டு. கம்பளி இயல்பாகவே சுலபத்தில் பற்றாது. பாலியஸ்டரில் இழை உருவாகும்போதே தீத்தடுப்பை மூலக்கூறில் சேர்த்த ரகம் கிடைக்கிறது, துவைத்தாலும் போகாது. மேலே தெளித்த பூச்சு சில துவைப்புகளில் போய்விடலாம், சான்றிதழ் மட்டும் ஃபைலில் இருக்கும். சோபா ஃபோமில் தீத்தடுப்பு ரசாயனங்களைக் கொட்டும் வழக்கத்துக்குக் காரணமாக இருந்த கலிஃபோர்னியா விதி, 2013-இல் திருத்தப்பட்டது. புகைந்து பரவும் நெருப்பை மேல்துணியும் அதன் அடித்துணியும் சேர்ந்து தடுக்கின்றனவா என்று பார்ப்பதாக அது மாறிய பிறகு, ரசாயனம் இல்லாத ஃபோமே அங்கு தேறுகிறது.

பக்கத்திலேயே கிடைப்பவை

பவானி ஜமக்காளத்தை விசேஷ வீட்டு விரிப்பாக மட்டுமே பார்த்துப் பழகிவிட்டோம். தடித்த பருத்தி ஊடை நூல் பாவை முழுவதும் மூடிவிடும்படி நெய்வதால் அது இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கும். ஒரு பக்கம் மங்கினால் திருப்பிப் போடலாம், கொடியில் போட்டு அடித்தால் தூசி போகும், ஒரே நாராக வாங்கலாம். செயற்கைப் பட்டு நூலில் நெய்ததும் வருகிறது, அலுவலகத் தரைக்குப் பருத்தியில் நெய்ததைக் கேட்டு வாங்குங்கள். அடியில் வழுக்காமலிருக்க ரப்பர் வலை போடுங்கள், நாற்காலிச் சக்கரம் ஓடும் இடத்தில் போடாதீர்கள். உங்கள் அறை அளவுக்கும் நிறத்துக்கும் தறியில் ஏற்றித் தரச் சொல்லலாம். நேரம் எடுக்கும், அதற்கேற்ப முன்பே ஆர்டர் கொடுங்கள்.

பத்தமடைக் கோரைப்பாயைச் சுவரில் சட்டம் கட்டிப் பொருத்தலாம், அறைத் தடுப்பாகப் பயன்படுத்தலாம். ஈரச்சுவரில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும், எனவே சுவருக்கும் பாய்க்கும் இடையே இடைவெளி விடுங்கள். எதிரொலியைக் குறைக்க வைக்கும் எந்தப் பலகைக்கும் இந்த இடைவெளி உதவும். பழைய பாட்டிலிலிருந்து செய்யும் பெட் ஃபெல்ட் பலகைகளும் சுவரோடு ஒட்டியதைவிடச் சற்றுத் தள்ளி நிற்கும்போது கனத்த ஒலிகளைக் கூடுதலாக உறிஞ்சும். அவற்றையும் பசையால் ஒட்டாமல் கிளிப்பில் மாட்டச் சொல்லுங்கள்.

மரத்துக்கு ரப்பர் மரத்தை யோசியுங்கள். 25, 30 வருடம் பால் வெட்டி முடித்த மரத்தை எப்படியும் வெட்டித்தான் ஆக வேண்டும். குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் தாராளமாகக் கிடைக்கிறது. அதில் மாவுச்சத்து அதிகம் என்பதால் வெட்டிய சில நாளிலேயே போரான் மருந்து ஏற்றிச் சூளையில் உலர்த்தியிருக்க வேண்டும். மருந்து ஏற்றாத மரத்தில் வண்டு துளைத்து மாவாகக் கொட்டும்.

ஆர்டர் எழுதும்போது

பேசியதெல்லாம் பர்ச்சேஸ் ஆர்டரில் ஏறவில்லை என்றால் பேசவில்லை என்றே அர்த்தம். நாரின் பெயர், ஃபோம் டென்சிட்டி, பிளைவுட் ஃபார்மால்டிஹைடு அளவில் E1-க்கு மிகாதது, பி.எஃப்.ஏ.எஸ். பூச்சு இல்லை, டை லாட் எண், மிச்சத் துணியாக எத்தனை மீட்டர் சேர்த்துத் தர வேண்டும், உறை மாற்றித் தருவதற்கான விலை எத்தனை வருடத்துக்கு மாறாது, இவ்வளவும் எழுத்தில் வேண்டும். சான்றிதழ்களில் ஓக்கோ-டெக்ஸ் 100 என்பது துணியில் தீங்கான ரசாயனம் எஞ்சியிருக்கிறதா என்று மட்டும் பார்க்கும், சாயக்கழிவைப் பற்றி அது எதுவும் சொல்லாது. காட்ஸ் சான்று இயற்கை விவசாய நாரையும் ஆலையின் கழிவுநீரையும் தொழிலாளர் நிலையையும் சேர்த்துப் பார்க்கும். இரண்டிலும் சான்றிதழ் எண்ணை இணையத்தில் போட்டுச் சரிபார்க்கலாம், சரிபாருங்கள்.

கையெழுத்துப் போடும் முன் காயலான்கடைக்காரர் ஒருவரிடம் அதே மாதிரிப் பொருளைக் காட்டி, இதில் எதையெல்லாம் எடுப்பீர்கள் என்று கேட்டுவிடுங்கள். இரும்புக் காலையும் அலுமினியத்தையும் உடனே எடுப்பார். தனியாக வரும் மரத்தையும் ஃபோமையும் விலை பேசுவார். துணியோடு ஒட்டிய ஃபோமையும் ரெக்சின் ஒட்டிய பலகையையும் தொடமாட்டார். அவர் தொடாத பாகம் எவ்வளவோ, அவ்வளவும் ஒரு நாள் பெருங்குடியிலோ உங்கள் ஊர்க் குப்பைமேட்டிலோ சேரும்.

டெலிவரி நாளில் முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள். ஒரு சோபாவின் உறையை உங்கள் கண்முன்னே கழற்றி, உங்கள் ஹவுஸ்கீப்பிங் ஆட்களை விட்டே திரும்ப மாட்டச் சொல்லுங்கள். மாட்டி முடித்து ஜிப்பை இழுத்துச் சாத்திய பிறகு மீதிக் காசோலையில் கையெழுத்திடலாம்.